கடைத்திரை விளம்பரம்

கடைத்திரை விளம்பரம் என்பது சில்லறை விற்பனைக் கடைகளின் உள்ளேயும் கண்ணாடி முகப்பிலும் மின்திரைகளை வைத்து, பொருள் வாங்க வந்தவரிடம் அங்கேயே விளம்பரம் செய்யும் முறை. தொழில் வட்டாரத்தில் ‘டிஜிட்டல் சைனேஜ்’ என்பார்கள். கடைக்காரர்களுக்கு அது ‘டிஸ்ப்ளே’ அல்லது ‘எல்.இ.டி. போர்டு’. துணிக்கடை வாசலில் ஆளுயரத்துக்கு நிற்கும் திரை, பல்பொருள் அங்காடியில் சோப்பு அடுக்கின் முனையில் ஓடும் பத்து வினாடிப் படம், உணவகக் கல்லாவுக்கு மேலே ஒளிரும் விலைப்பட்டியல், நகைக்கடையில் சிவப்பு எழுத்தாக ஓடும் தங்க விலை எல்லாம் இதில் அடக்கம். பேனரைவிட இதற்குச் செலவு அதிகம். ஆனால் மதுரைக் கிளையில் மாம்பழச் சாறு தீர்ந்துபோனால், சென்னையில் உட்கார்ந்தபடியே அந்தக் கிளையில் ஓடும் விளம்பரத்தை மட்டும் நிறுத்திவிடலாம். பேனரில் அது நடக்காது.

தோற்றம்

தொடக்கத்தில் இதைக் கடைக்குள் வைத்த தொலைக்காட்சியாகவே கருதினார்கள். சி.என்.என். செய்திச் சேனலைத் தொடங்கிய டெட் டர்னரின் நிறுவனம் 1991-இல் அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளின் கல்லா வரிசைகளில் திரைகளை வைத்து, ‘செக்அவுட் சேனல்’ என்ற பெயரில் செய்தியும் விளம்பரமும் ஓட்டியது. 1993-இலேயே அதை மூடிவிட்டார்கள். ஏறக்குறைய அதே நேரத்தில் அதே நிறுவனம் விமான நிலையங்களுக்கென்று தொடங்கிய சேனலோ 2021 வரை ஓடியது. விமானத்துக்குக் காத்திருப்பவருக்கு ஒரு மணி நேரம் சும்மா கிடக்கிறது. கல்லாவில் நிற்பவர் கூடையைக் காலி செய்ய வேண்டும், பணத்தை எடுக்க வேண்டும், பிள்ளை மிட்டாய்ப் பாக்கெட்டில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வேறுபாடு உறைக்க இத்துறைக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

வால்மார்ட் நிறுவனம் 1998-இல் தன் கடைகளில் ‘வால்மார்ட் டிவி’யைத் தொடங்கியது. செயற்கைக்கோள் வழியே வந்த ஒரே நிகழ்ச்சி எல்லாக் கடைகளிலும் ஓடியது. பெட்டிகள் கூரையை ஒட்டித் தொங்கின. தள்ளுவண்டியோடு போகிறவர் அண்ணாந்து பார்ப்பதில்லை என்பது தெரியவந்த பிறகு, 2008-இல் ‘ஸ்மார்ட் நெட்வொர்க்’ என்ற புதிய ஏற்பாடு வந்தது. திரைகள் கண்மட்டத்துக்கு இறங்கின. எந்தத் திரையில் எது ஓட வேண்டும் என்பதைத் தனித்தனியாகத் தீர்மானிக்க முடிந்தது. ஷாம்பு அடுக்கின் முனையில் ஷாம்பு விளம்பரம் வந்தது. இன்றைக்கு எளிதாகத் தோன்றும் இந்த இடத்துக்கு வர உலகின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனத்துக்கே பத்து ஆண்டுகள் ஆயிருக்கின்றன. பிரிட்டனில் டெஸ்கோ அங்காடி நிறுவனமும் 2004-இல் ‘டெஸ்கோ டிவி’ என்று ஆரம்பித்து, பிறகு ‘டெஸ்கோ ஸ்க்ரீன்ஸ்’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. கடைத்திரை தொலைக்காட்சி அல்ல என்று அவர்கள் உணர்ந்ததற்குப் பெயரிலிருந்து டிவி போனதே போதிய சான்று.

கருவியும் இடமும்

வீட்டுத் தொலைக்காட்சியையே சுவரில் மாட்டி, பென்டிரைவைச் செருகி ஓட்டும் சிறு கடைகள் ஏராளம். முடியாது என்றில்லை, ஆனால் அந்தப் பெட்டி நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. வணிகத் திரைகளை 16 மணி நேரம், 24 மணி நேரம் என்று ஓடும் அளவு குறித்தே விற்கிறார்கள். ஒளிர்வும் வேறு. அதன் அலகு ‘நிட்’. வீட்டுப் பெட்டிக்கு 300 நிட் அளவு போதும். கடைக்குள் 500 முதல் 700 வரை தேவைப்படும். வெயில் படும் கண்ணாடி முகப்பில் தெருவைப் பார்த்து நிற்கும் திரைக்கு 2,500-க்கு மேல் வேண்டும். அதற்குக் குறைந்தால் பகல் பன்னிரண்டு மணிக்குத் திரையில் தெரிவது எதிர்க்கடையின் பிம்பம்தான்.

எல்.இ.டி. பலகைகளில் ‘பிட்ச்’ என்ற சொல் அடிபடும். இரண்டு ஒளிப்புள்ளிகளுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர் என்பது அதன் பொருள். பி2.5 என்றால் இரண்டரை மி.மீ., பி10 என்றால் பத்து. எத்தனை மி.மீ. இடைவெளியோ, குறைந்தது அத்தனை மீட்டர் தள்ளி நின்றால்தான் படம் படமாகத் தெரியும் என்பது தோராயக் கணக்கு.

எங்கே வைப்பது என்பதில்தான் பாதிப் பணம் வீணாகிறது. கடை வாசலைத் தாண்டிய முதல் சில அடிகளில் வாடிக்கையாளர் வெளிச்சத்துக்கும் குளிருக்கும் தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கிறார். அங்கே எதை வைத்தாலும் கவனிப்பதில்லை என்று, கடைகளில் மக்கள் நடமாட்டத்தைக் கவனித்து எழுதிய பாகோ அண்டர்ஹில் 1999-இல் வந்த தம் நூலில் விளக்கினார். வாசலிலேயே பெரிய திரையை வைக்க ஆசைப்படும் முதலாளிகள் இதை ஏற்பதில்லை. அவர்களுக்கு அது கடையின் அந்தஸ்து. கல்லா வரிசை, மாற்றி உடுத்திப் பார்க்கும் அறைக்கு வெளியே உள்ள நாற்காலி, மருந்துக்கடையில் மருந்தை எடுத்துத் தரும்வரை நிற்கும் இடம் போல, ஆள் நின்றே ஆக வேண்டிய இடங்களில் திரைக்கு வேலை உண்டு. நடக்கிற இடமானால் ஏழெட்டுச் சொற்கள், ஒரு பொருள், ஒரு விலை, அவ்வளவுதான். ஒலி பெரும்பாலும் வேண்டாத வேலை. வாடிக்கையாளர் அந்தப் பாட்டை ஒரு முறை கேட்பார். பில் போடும் பெண் நாளெல்லாம் கேட்பார்.

யார் பணம்?

திரைக்கான செலவைப் பெரும்பாலும் சரக்குத் தயாரிப்பாளர்களே ஏதோ ஒரு வழியில் ஏற்கிறார்கள். அடுக்கில் நல்ல இடம் தருவதற்கு மளிகைக் கடைக்காரர் ‘டிஸ்ப்ளே ஸ்கீம்’ என்று வாங்கும் தொகையின் பெரிய வடிவம் இது. திரையின் ஒவ்வொரு பத்து வினாடியும் விற்பனைக்கு வந்துவிடுகிறது. எந்த விளம்பரம் எத்தனை முறை ஓடியது என்று கணினி கணக்கு எழுதிக் கொடுக்கிறது. ஓடியதற்குத்தான் கணக்கு, பார்த்ததற்கு அல்ல. இந்த ஓட்டையை அடைக்கத்தான் கேமரா வந்தது.

2013-இல் பிரிட்டனில் 450 டெஸ்கோ பெட்ரோல் நிலையங்களின் கல்லாத் திரைகளில், எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா, எந்த வயதுப் பிரிவினர் என்று முகத்தைப் பார்த்துக் கணிக்கும் கேமராக்களை வைக்கப்போவதாக ஆம்ஸ்க்ரீன் நிறுவனம் அறிவித்தபோது பெரிய சர்ச்சை எழுந்தது. கனடாவில் விஷயம் இன்னும் முற்றியது. காடிலாக் ஃபேர்வியூ நிறுவனத்தின் 12 வணிக வளாகங்களில், கடை எங்கே என்று வழிகாட்டும் திரைகளுக்குள் இருந்த கேமராக்கள் சுமார் 50 லட்சம் முகப் படங்களை வாடிக்கையாளர் அறியாமல் எடுத்திருந்ததாக, அந்நாட்டின் தனியுரிமை ஆணையர்கள் 2020 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டார்கள். நுழைவுக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பே போதும் என்ற வாதத்தை அவர்கள் ஏற்கவில்லை.

குளிர்பெட்டிக் கதவுகள்

இந்த ஊடகம் எல்லை மீறியதற்கு வால்கிரீன்ஸ் மருந்துக்கடைகளை உதாரணம் காட்டலாம். அந்நிறுவனத்தின் முன்னாள் தலைமை அதிகாரி கிரெகரி வாசன் இணைந்து தொடங்கிய ‘கூலர் ஸ்க்ரீன்ஸ்’, பால், ஐஸ்கிரீம், குளிர்பானப் பெட்டிகளின் கண்ணாடிக் கதவுகளை எடுத்துவிட்டு, அதே அளவுத் திரைகளைப் பொருத்தியது. 2018-இல் சிகாகோவில் சோதனை தொடங்கியது. ஆள் தூரத்தில் இருந்தால் கதவில் விளம்பரம் ஓடும். பக்கத்தில் வந்தால் உள்ளே இருக்கும் பாட்டில்களின் படம் தெரியும். உள்ளே இருப்பதைக் கண்ணாடி வழியே இலவசமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது அதன் படத்தைப் பார்த்து நம்ப வேண்டியதாயிற்று. கதவைத் திறந்தால் சில வேளை படத்திலிருந்த பானம் இருக்காது. இரு நிறுவனங்களின் உறவு கசந்து, 2023-இல் விவகாரம் 20 கோடி டாலர் கேட்கும் வழக்காக நீதிமன்றம் போனது. அந்த ஆண்டு டிசம்பரில் கூலர் ஸ்க்ரீன்ஸ் தரவு இணைப்பைத் துண்டிக்க, சிகாகோ வட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளின் குளிர்பெட்டிக் கதவுகள் வெறுமையாகின. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு கதவாகத் திறக்க வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில்

இங்கே பெரிய துணிக்கடைகளின் வீடியோ சுவர்களைவிட அதிகம் உழைப்பது நகைக்கடையின் விலைப்பலகைதான். சென்னையில் தங்கம் விலை காலையில் ஒன்றும் பிற்பகலில் ஒன்றுமாக மாறும் நாட்கள் உண்டு. ஒரு காலத்தில் சாக்பீஸால் அழித்து எழுதிய கிராம் விலையையும் சவரன் விலையையும் இன்று கடைப் பையன் கைபேசியிலிருந்து மாற்றுகிறான். வாசலில் நிற்கிறவர் உண்மையிலேயே படிக்க விரும்பும் செய்தி அது. அதனால் யாரும் அண்ணாந்து பார்க்கச் சலித்துக்கொள்வதில்லை.

இதற்குப் பெரும்பாலும் பி10 பலகை. ஒரு துண்டு 32 செ.மீ. நீளம், 16 செ.மீ. உயரம், மொத்தம் 32-க்கு 16 புள்ளிகள். அந்தப் பதினாறு புள்ளி உயரத்துக்குள் ஆங்கிலப் பெரிய எழுத்து தாராளமாக உட்கார்ந்துவிடும். தமிழுக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் வேண்டும். ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் உள்ள ஒரு சுழி வேறுபாட்டைக் காட்ட இரண்டு மூன்று புள்ளிகளே மிஞ்சும். தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாத மென்பொருளோடு வரும் பலகைகளில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறது. விவரமறிந்த போர்டுக்காரர்கள் எழுத்தாகத் தட்டச்சு செய்யாமல், வரியைக் கணினியில் படமாக்கி ஏற்றுகிறார்கள். மற்றவர்கள் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு ‘செய்கூலி இல்லை’ என்பதைப் பழையபடி பெயின்டில் எழுதி வைக்கிறார்கள்.