95 சதவீதம்னு சொல்றாங்களே, யாரை எண்ணி?

ஒரகடம்னா நமக்கு நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டுதான் ஞாபகம் வரும். இப்போ அங்கேயே சுமார் 350 ஏக்கர்ல மருத்துவக் கருவிகளுக்குன்னு ஒரு தொழில் பூங்காவும் வருது. அதை ஒட்டி இன்னைக்கு ஒரு சின்ன டைட்டானியம் திருகோட கதை: பல் இம்பிளான்ட்.

1950-களோட தொடக்கம், ஸ்வீடன்ல லுண்ட் நகரம். எலும்புக்குள்ள ரத்தம் எப்படி ஓடுதுன்னு பார்க்க, பெர்-இங்வார் பிரோனமார்க்ங்கிற ஆராய்ச்சியாளர் முயலோட கால் எலும்புல ஒரு டைட்டானியம் கருவியைப் பொருத்தினார். சோதனை முடிஞ்சு கழட்டினா வரலை. எலும்பு அந்த உலோகத்தோட சேர்ந்தே வளர்ந்திருந்தது.

1965-ல கோதென்பர்க்ல, பிறவியிலேயே தாடைக் குறைபாடு இருந்த யோஸ்டா லார்சனுக்குக் கீழ்த்தாடையில இம்பிளான்ட் வெச்சார். 2006-ல லார்சன் இறக்கிற வரைக்கும் அது உழைச்சது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரே ஒரு ஆளை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது. ஸ்வீடன்லயே பல பேர் பிரோனமார்க்கை நம்பலை. அவர் குழு கொடுத்த பதில் ஒரு கணக்கு. 1981-ல, 371 நோயாளிகளோட 15 வருஷ அனுபவத்தை வெளியிட்டாங்க. நல்லா அமைஞ்ச கேஸை மட்டும் பொறுக்கலை, வரிசையா வந்த எல்லாரையும் சேர்த்தாங்க. 5 முதல் 9 வருஷம் கவனிச்சதுல கீழ்த்தாடையில 91 சதவீதம், மேல்தாடையில 81 சதவீதம் நிலைச்சிருந்தது. அதாவது மேல்தாடையில கிட்டத்தட்ட அஞ்சுல ஒண்ணு தோத்துப்போச்சு. அதை மறைக்காம எழுதினதுதான் எனக்கு முக்கியமாப் படுது. அடுத்த வருஷம் டொரோன்டோ மாநாட்டுக்கு அப்புறம் உலகம் இந்த முறையை ஏத்துக்க ஆரம்பிச்சது.

1986-ல இன்னொரு படி. திருகு வாயில இருந்தா மட்டும் வெற்றி இல்லை, வலியோ தொற்றோ கூடாது, முதல் வருஷத்துக்கு அப்புறம் சுத்தி இருக்கிற எலும்பு வருஷத்துக்கு 0.2 மில்லிமீட்டருக்கு மேல தேயக்கூடாதுன்னு அளவுகோல் வெச்சாங்க.

இப்போ விளம்பரத்துல வர்ற "95 சதவீதம்" பக்கம் வருவோம். 2019-ல பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தப்போ, 10 வருஷத்துல 96.4 சதவீதம் இம்பிளான்ட் நிலைச்சதுன்னு தெரிஞ்சது. நடுவுல வராமப் போனவங்களையும் கணக்குல எடுத்தா அது 93.2-ஆ இறங்குது. திரும்பி வராதவங்க எப்பவுமே கணக்கை அழகாக்கிடுவாங்க.

இங்கதான் ஒரகடம் விஷயம் வருது. கான்ட்ராக்ட்ல வேலை, பீகார்ல இருந்தோ தென்மாவட்டத்துல இருந்தோ வந்து ஷேரிங் ரூம்ல தங்கல், அப்புறம் வேற ஊர். ஒருத்தர் இங்க பல் வெச்சுட்டு புனேவுக்குப் போயிட்டா, அஞ்சாவது வருஷம் அந்தப் பல்லை யார் பார்ப்பாங்க? இந்தியாவுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை நோய் இருக்குன்னு ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்லுது. கட்டுப்படாத சர்க்கரையும் சிகரெட்டும் இம்பிளான்ட்டைச் சுத்தி இருக்கிற எலும்புக்கு ஆபத்து. ஸ்வீடன்காரங்களை எண்ணின கணக்கு நம்ம உடம்புக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல முடியாது. நாமளும் எண்ணியாகணும்.

ஒரகடத்துல தயாராகிற பிரேக் பாகத்துக்கே பேட்ச் நம்பர் இருக்கு. இம்பிளான்ட் டப்பாவுலயும் இருக்கும். கம்பெனி பேரு, அளவு, லாட் நம்பர், வெச்ச தேதி, முதல் எக்ஸ்ரே, எல்லாத்தையும் டாக்டர்கிட்ட கேட்டு வாங்கி போன்ல வெச்சுக்கங்க. எந்த ஊருக்குப் போனாலும் வருஷம் ஒரு தடவை அங்க இருக்கிற பல் டாக்டர்கிட்ட காட்டுங்க. பல்லும் பிழைக்கும், கணக்கும் உண்மையா இருக்கும்.