ஆணியும் கழிப்பும்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த மூன்றாவது மாதத்தில் பிசியோதெரபிஸ்ட் ஒரு யோசனை சொன்னார். "கலரிங் புக் வாங்கிக் குடுங்க சார். பெரியவங்களுக்குன்னே இப்ப நிறைய வருது. விரலுக்கு நல்ல பயிற்சி."

அப்பா தூத்துக்குடி துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைப் பார்த்து, நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து எண்ணியே பழகிய வலது கை. அந்தக் கைக்குத்தான் இப்போது டம்ளர் நிற்கவில்லை.

நான் மென்பொருள்காரன். 4.4 நட்சத்திரம், ஆயிரக்கணக்கான மதிப்புரைகள் என்று போட்டிருந்த ஒரு புத்தகத்தை உடனே ஆர்டர் செய்தேன். வந்தது. பக்கம் பக்கமாக மண்டலா வடிவங்கள். முதல் பக்கத்தில் அப்பா ஸ்கெட்ச் பேனாவை வைத்ததும் மை அடுத்த பக்கத்துக்கு இறங்கிவிட்டது. பின்பக்கத்தில் அச்சடித்திருந்த படமும் பாழ்.

"ஏலே, இது பேப்பரா, வடிகட்டியா?" என்று கேட்டார். புத்தகத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, "கழிப்பு" என்றார்.

இப்படி ஒரு பிரச்சினை வந்தால் என்னைப் போன்றவர்கள் எக்செல் ஷீட்டைத் திறப்பார்கள். நானும் திறந்தேன். தாள் எத்தனை ஜிஎஸ்எம்? (ஜெராக்ஸ் தாள் சுமார் 75, 80தான். அது கலர் பென்சிலைத் தாங்கும், ஸ்கெட்ச் பேனாவைத் தாங்காது.) ஒரு பக்கம் மட்டும் அச்சா, இரண்டு பக்கமுமா? விரித்தால் மேசைமேல் படுக்கிறதா, நடுவில் திமிறுகிறதா? கோடு கூர்மையாக இருக்கிறதா, எங்கோ கிடைத்த சின்னப் படத்தைப் பெரிதாக்கியதால் விளிம்பு மசமசவென்று இருக்கிறதா? மெழுகு பென்சில் பிடிக்கும் அளவுக்குத் தாளில் சொரசொரப்பு உண்டா? ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், கடைசியில் சராசரி.

பெரியவர்கள் வண்ணம் தீட்டுவது ஒன்றும் புதிய பழக்கம் இல்லை. 1961இல் அமெரிக்காவில் அலுவலக வாழ்க்கையைக் கிண்டலடித்து, கோட் போட்ட அதிகாரியைச் சாம்பல் நிறத்தில் தீட்டச் சொல்லி ஒரு கலரிங் புத்தகம் வந்தது. அதன் பின்னால் அரசியல் கேலிப் புத்தகங்கள் வரிசையாக வந்தன. மன அமைதிக்கு வண்ணம் தீட்டலாம் என்ற அலை 2013இல் ஸ்காட்லாந்து ஓவியர் ஜோஹன்னா பாஸ்ஃபோர்டின் 'சீக்ரெட் கார்டன்' வெளியான பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. அவர் பேனாவால் கையில் வரைந்தவர். அலை எழுந்ததும் கணினியில் வெட்டி ஒட்டிய புத்தகங்களும் குவிந்தன. கடைத்திரையில் இரண்டும் ஒரே அளவு அட்டைப்படமாகத்தான் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்பது வாங்கிய பிறகுதான் தெரிய வரும்.

இதே சங்கடம் எங்கள் ஊர்க் கடற்கரையில் பல நூற்றாண்டுகள் இருந்தது. முத்துச் சிப்பியை யாரும் திறந்து பார்த்து வாங்குவதில்லை. முத்துக்குளிப்பு நடக்கும்போது சிப்பிகள் ஆயிரம் ஆயிரமாக, மூடியபடியே ஏலம் போகும். குளிப்புக்கு முன்பு பாரிலிருந்து கொஞ்சம் சிப்பி எடுத்து, உடைத்து, கிடைத்த முத்துகளுக்கு விலை போட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு தேறும் என்று அரசாங்கம் அறிவிக்கும். இன்று நாம் பார்க்கிற 'உள்ளே சில பக்கங்கள்' மாதிரிதான் அதுவும். 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. அப்பா அப்போது கைக்குழந்தை.

அந்தக் காலத்து முத்து வியாபாரத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் தூக்கிவாரிப்போட்டது. முத்துகளின் தரப் பெயர்ப் பட்டியல். முதலில் ஆணி. கீழே வந்தால் வடிவு, தூள் என்று போகிறது. இடையில் ஒரு பெயர்: கழிப்பு. அப்பா கட்டிலுக்குக் கீழே தள்ளியபோது சொன்ன அதே சொல்.

மன்னார் வளைகுடாவின் இரு கரையிலும் முத்தைத் தரம் பிரித்த முறையை வெளிநாட்டவர்கள் விவரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். பத்துப் பித்தளைச் சல்லடைகள். எல்லாம் ஒரே அளவு, துளைகளின் எண்ணிக்கை மட்டும் வேறு: 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. துளை கூடக்கூட அதன் அளவு சிறுக்கும். 20இல் தங்குவது பெரிய முத்து. சல்லடை அளவைச் சொல்லிவிடும். உருட்சியையும் நீரோட்டத்தையும் கண்தான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே விலை.

விலைக்கு 'செவ்வு' என்றொரு கணக்கு. முத்துகளின் மொத்த எடையை மஞ்சாடியில் எடுத்து, வர்க்கப்படுத்தி, அதில் முக்காலை முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 20 மஞ்சாடிக்குப் பத்து முத்து இருந்தால் 30 செவ்வு. அதே 20 மஞ்சாடி ஒரே முத்தாக இருந்தால் 300. எடை ஒன்றுதான், மதிப்பு பத்து மடங்கு. பெரிய முத்து எவ்வளவு அபூர்வம் என்பது சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு செவ்வுக்கு என்ன விலை என்பது மட்டும் சூத்திரத்துக்கு வெளியே. அதைக் கண்ணும் பேரமும் தீர்மானிக்கும். கணக்கு எங்கே முடிகிறது, பார்வை எங்கே தொடங்குகிறது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இருந்ததில்லை. என் எக்செல் ஷீட்டில் அந்த எல்லைக்கோடு இல்லை.

இன்னும் பின்னால் போகலாம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை ரத்தினக் கடைத்தெரு வருகிறது. முத்துக்குக் காற்று, மண், கல், நீர் ஆகிய நான்கினாலும் குற்றம் வரும் என்று இளங்கோ அறிந்திருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இன்னும் ஒரு படி மேலே. கோயிலுக்குக் கொடுத்த நகைகளில் இருந்த முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். கோடு விழுந்தவை, தோல் உரிந்தவை என்று குற்றங்களையும் மறைக்காமல் வெட்டி வைத்திருக்கிறார்கள். சாமிக்குக் கொடுத்த நகை, கொடுத்தது அரச குடும்பம். அப்படியும் எழுதியவர் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகவில்லை.

எனக்கு உறைத்தது வேறொன்று. பத்தாவது சல்லடையிலும் தேறாத தூள் முத்துக்கும் ஆள் இருந்தார்கள். சித்த மருத்துவத்தில் முத்துப் பற்பம் செய்ய அது போதும். அதற்கு ஆணிமுத்தைப் பொடிப்பவன் முட்டாள். அப்படியென்றால் சல்லடை உயர்வு தாழ்வு சொல்வதற்கு மட்டும் இல்லை. எது யாரிடம் போக வேண்டும் என்பதையும் அது பிரித்துக் கொடுக்கிறது.

என் ஷீட்டில் முதலிடம் பிடித்த புத்தகத்தை வாங்கிக் கொடுத்திருந்தேன். கனத்த தாள், ஒரு பக்க அச்சு, தலைமுடி மாதிரிக் கோடு. ஒவ்வொரு கட்டமும் மிளகு அளவு. அப்பா பத்து நிமிடம் போராடினார். ஒவ்வொரு முறையும் நிறம் கோட்டைத் தாண்டியது. ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மௌனம் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் அக்கா தெருமுனை ஸ்டேஷனரி கடையில் குழந்தைகளுக்கான புத்தகம் ஒன்றை வாங்கி வந்தாள். மட்டமான தாள். கோடு மட்டும் சுண்டுவிரல் தடிமன். மீன், படகு, கலங்கரை விளக்கம். என் ஷீட்டில் போட்டிருந்தால் அது கடைசியில் நின்றிருக்கும். அப்பா கிரேயானை முஷ்டியில் பிடித்துக்கொண்டு படகு முழுவதையும் நீலமாக்கினார். நிறம் கோட்டைத் தொட்டது, ஆனால் அந்தத் தடிமனுக்குள்ளேயே நின்றுவிட்டது.

மாலையில் பார்த்தபோது பக்க ஓரத்தில் நடுங்கிய நான்கு கோடுகள், குறுக்கே ஒன்று. ஐந்து படம் முடித்திருக்கிறார்.

ஷீட்டில் சராசரிப் பத்தியை அழித்துவிட்டு 'யாருக்கு?' என்று ஒன்று சேர்த்தேன். அதை அப்பாவிடம் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் அவர் கேட்டிருக்கப்போவது வேறு.

"அடுத்ததும் இதே மாதிரி தடிச்ச கோடாப் பாருல. பேப்பர் மட்டும் கொஞ்சம் கனமா இருக்கட்டும்."