சர்க்கரைக் கவசம்

1984 ஏப்ரலில் அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலர் மார்கரெட் ஹெக்லர், எய்ட்ஸுக்குக் காரணமான வைரஸ் கண்டறியப்பட்டதாக அறிவித்தார். இரண்டு ஆண்டுகளில் தடுப்பூசி சோதனைக்குத் தயாராகிவிடும் என்றும் நம்பிக்கை தெரிவித்தார். நாற்பது ஆண்டு கடந்தும் ஊசி வரவில்லை.

அந்த வைரஸான எச்.ஐ.வி. தன்னை நகலெடுக்கையில் ஏராளமாகப் பிழை செய்கிறது, திருத்துவதில்லை. அந்தப் பிழைகளே அதற்குப் பாதுகாப்பு. 2003-இல் டக்ளஸ் ரிச்மனின் ஆய்வுக் குழு ஒன்றைக் காட்டியது: நோயாளியின் எதிர்ப்பொருள்கள் சில மாதம் முந்தைய வைரஸை முடக்கின, அன்றைய வைரஸிடம் தோற்றன. அதே ஆண்டு ஜார்ஜ் ஷா குழு வைரஸ் தப்பும் வழியையும் விளக்கியது. வைரஸின் மேலுறைப் புரதத்தைப் போர்த்திய சர்க்கரை மூலக்கூறுகள் இடம் மாறி, எதிர்ப்பொருள் பற்றும் இடத்தை மறைத்துவிடுகின்றன.

ஆனால் தப்பித்தலே சில வேளை காட்டிக்கொடுக்கிறது. 2012-இல் பென்னி மூரும் லின் மாரிஸும் தென்னாப்பிரிக்கப் பெண்கள் இருவரிடம் கண்டது வியப்பானது. தொற்றிய வைரஸின் மேலுறைப் புரதத்தில் 332-ஆம் இடத்தில் சர்க்கரை இல்லை. முதல் எதிர்ப்பொருள்களிடமிருந்து தப்ப, ஆறு மாதத்துக்குள் வைரஸ் 334-ஆம் இடத்துச் சர்க்கரையை 332-க்கு நகர்த்தியது. பிறகு தோன்றிய, பல வகை வைரஸ்களை முடக்கும் வலிய எதிர்ப்பொருள்களுக்கு அந்தச் சர்க்கரையே இலக்கானது! தடுப்பூசி ஆய்வுக்கு இதைவிட நல்ல பாடம் அரிது.

இத்தகைய வலிய எதிர்ப்பொருள்களில் ஒன்றான, 2010-இல் விவரிக்கப்பட்ட விஆர்சி01, ஆய்வகத்தில் சுமார் 90 சதவீத வகைகளை முடக்கியது. மனிதர்களுக்கு ஏற்றிப் பார்த்த சோதனையின் முடிவு 2021-இல் வெளியானது. ஒட்டுமொத்தத் தொற்று குறையவில்லை. அதற்கு எளிதில் முடங்கும் வகைகள் மட்டும் சுமார் 75 சதவீதம் தடுக்கப்பட்டன.