ஐந்து நட்சத்திரமும் ஒரு கத்தாழையும்

மெக்சிகோக்காரர்களுக்கு மாநிலக் கொடி விஷயத்தில் பெரிய கற்பனையெல்லாம் கிடையாது. வெள்ளைத் துணியை எடு, நடுவுல மாநில முத்திரையைப் போடு, முடிஞ்சது வேலை. பெரும்பாலான மாநிலங்களின் கதை இதுதான். தூரத்திலிருந்து பார்த்தால் எது எந்த ஊர்க் கொடின்னு அந்த ஊர்க்காரனே சொல்ல மாட்டான் :-)

யுகட்டான் மாநிலத்திலும் அரசு அலுவலகங்கள் பல காலம் ஏற்றி வந்தது இந்த மாதிரி ஒரு வெள்ளைக் கொடியைத்தான். ஆனா ஜனங்க கார் ஸ்டிக்கரிலும் டீ-சர்ட்டிலும் போட்டுக்கொள்வது வேறொண்ணு. இடது பக்கம் பச்சை, அதில் ஐந்து வெள்ளை நட்சத்திரம். வலது பக்கம் சிவப்பு, வெள்ளை, சிவப்புன்னு மூணு பட்டை. நீண்ட காலம் சட்டப் புத்தகத்தில் இடமே இல்லாத கொடி இது. எனக்கு இந்தக் கொடி மேல ஒரு கண்ணு. பார்க்க அழகா இருக்கு என்பது ஒரு காரணம். அந்த நட்சத்திரங்கள் யாருக்காக என்று தேடப்போய் மாட்டிக்கொண்டது இன்னொரு காரணம்.

கதை 1830-களில் ஆரம்பிக்குது. 1824 அரசியல் சட்டப்படி மெக்சிகோ ஒரு கூட்டாட்சி. 1835-36ல் அதைக் கலைத்து எல்லா அதிகாரத்தையும் தலைநகருக்குக் கொண்டு போனார்கள். டெக்சாஸ் பிய்த்துக்கொண்டு போனது. யுகட்டானுக்கோ வரிச்சுமை, போதாததற்கு டெக்சாஸ் சண்டைக்கு ஆள்பிடிப்பு வேறு. 1839-ல் திசிமின் என்ற ஊரில் சாந்தியாகோ இமான் என்ற அதிகாரி கலகம் செய்தார். ஆள் போதவில்லை. உடனே மாயா விவசாயிகளிடம் போய், "பாதிரிகளுக்குக் கட்டுற காசை ரத்து பண்றேன், கூட வாங்க" என்கிற ரீதியில் வாக்குக் கொடுத்துக் கையில் துப்பாக்கியையும் கொடுத்தார். இந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் மக்களே, பின்னாடி தேவைப்படும்.

1840-ல் கலகம் ஜெயித்தது. 1841 மார்ச் 16, தலைநகர் மெரிதாவின் மைதானத்தில் மெக்சிகோ கொடியை இறக்கிவிட்டு இந்தக் கொடியை ஏற்றினார்கள். ஐந்து நட்சத்திரம் என்பது அப்போது யுகட்டானைப் பிரித்து வைத்திருந்த ஐந்து பெரிய வட்டாரங்கள்: மெரிதா, இசமால், வயதோலித், தேகாஷ், காம்பேச்சே. அதே மாதக் கடைசியில் ஒரு அரசியல் சட்டமும் வந்தது. அரசின் அத்துமீறலுக்கு எதிராகத் தனிமனிதன் நீதிமன்றம் போகும் உரிமையை ரெஹோன் என்பவர் அதில் எழுதி வைத்தார். பின்னாளில் மெக்சிகோ முழுக்க அது பரவியது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல சட்டம். சாந்தா அன்னாவின் படையெடுப்புக்குப் பயந்து டெக்சாஸ் கடற்படையை மாதம் 8,000 டாலருக்கு வாடகைக்கு எடுத்த கூத்தும் உண்டு, அது தனிப் பதிவு போடவேண்டிய மேட்டர்.

எனக்கு உறுத்துவது என்னன்னா, அந்த நட்சத்திரங்கள் ஊர்களை எண்ணுகின்றன, ஆட்களை எண்ணவில்லை. ஜனத்தொகையில் பெரும்பான்மை மாயா மக்கள். கொடி ஏற ரத்தம் சிந்தியதும் அவங்கதான். கிடைத்தது? தேவாலயக் காசு கொஞ்சம் குறைந்தது. அதோடு சரி. கிராமங்களைச் சுற்றியிருந்த நிலத்தைப் பொது நிலம் என்று சொல்லி விற்றார்கள், கரும்புத் தோட்டக்காரர்கள் வளைத்துப் போட்டார்கள்.

துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்டவன் சும்மா இருப்பானா? 1847 ஜூலையில் தெபிச் கிராமத்தில் வெடித்தது. சாதிப் போர் என்று பெயர் வைத்தார்கள் (நம்மூர் அர்த்தத்தில் இல்லை, வெள்ளையர்களுக்கும் மாயாக்களுக்கும் நடந்த போர்). 1848-ல் மாயா படை மெரிதாவை நெருங்கிவிட்டது. மிரண்டு போன அரசு அமெரிக்கா, ஸ்பெயின், பிரிட்டன் மூன்று பேருக்கும் கடிதம் எழுதியது: யார் காப்பாத்துறீங்களோ அவங்களுக்கே எங்க நாடு! ஏழு வருஷம் முன்னாடி சுதந்திரக் கொடி ஏற்றிய ஆட்கள். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆகஸ்டில் மெக்சிகோவுடனேயே திரும்பச் சேர்ந்தார்கள். கொடி இறங்கியது இறங்கியதுதான். பிடிபட்ட மாயாக்களைக் கியூபாவுக்கு விற்றதும் நடந்தது, 1861-ல் ஹுவாரெஸ் தடை போடும் வரை.

இப்போ அரசு முத்திரைக்கு வருவோம். ரொம்ப காலம் மெரிதா நகரத்தின் ஸ்பானிய முத்திரையையே மாநிலத்துக்கும் வைத்து ஓட்டினார்கள். 1989-ல் புதுசு வந்தது. வெயிலில் துள்ளும் மான், ஒரு கத்தாழைச் செடி, ஓரங்களில் மாயா வளைவுகளும் ஸ்பானிய மணிக்கூண்டுகளும். எல்லாரையும் சேர்த்துக்கணும்கிற நல்லெண்ணம் தெரியுது. நட்சத்திரக் கொடியில் இல்லாத மாயா அடையாளம் இதில் இருக்கு.

ஆனா அந்தக் கத்தாழை! எனேகென் என்று பெயர். நம்மூர் ரயில் பாதையோரம் நிற்குமே ரயில் கத்தாழை, அதுக்குச் சொந்தக்காரச் செடி. அதன் நாரில் திரித்த கயிறு அமெரிக்க அறுவடை இயந்திரங்களில் கதிர்க்கட்டு கட்டப் பயன்பட்டது. பச்சைத் தங்கம் என்றார்கள். ஏற்றுமதி செய்த துறைமுகத்தின் பெயர் சிசல். சிசல் நார் என்று நாம் சொல்வது அந்தப் பெயர்தான். மெரிதாவின் மாளிகைகள் எல்லாம் இந்தக் காசு. வெட்டியது யார்? தலைமுறை தலைமுறையாகக் கடனில் கட்டிப்போடப்பட்ட மாயா கூலிகள், வடக்கே சொனோராவிலிருந்து பிடித்து வந்த யாக்கி மக்கள். 1915-ல் ஜெனரல் சால்வதோர் அல்வாரதோ படையோடு வந்த பிறகுதான் அந்தக் கடன் அடிமைத்தனம் உடைந்தது. ஒரு கொடியில் ஆளையே காணோம், இன்னொன்றில் ஆளை வதைத்த செடி. எதைத் தேர்ந்தெடுப்பீங்க? என்னைக் கேட்டால் நட்சத்திரம்தான். அது விட்டுவிட்டது, இது அலங்கரிக்கிறது.

அந்த நட்சத்திரங்களில் ஒன்றான காம்பேச்சே 1858-ல் பிரிந்து போய் இப்போது தனி மாநிலம். ஆனாலும் கொடியில் ஐந்து ஐந்தாகவே இருக்கு.

கொசுறு: தோற்ற மாயாக்கள் கிழக்கே காட்டுக்குள் போய் 1901 வரை தாக்குப்பிடித்தார்கள். அவர்களை ஒன்று சேர்த்தது கொடி இல்லை, பேசும் என்று அவர்கள் நம்பிய ஒரு மரச்சிலுவை. 1902-ல் அந்தக் காட்டை யுகட்டானிலிருந்து வெட்டியெடுத்து, கின்தானா ரோ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்குரியவர் மெரிதாவில் பிறந்த ஒரு கவிஞர், அரசியல்வாதி. 1841-ன் கடைசியில் சாந்தா அன்னாவின் தூதராக மெரிதாவுக்கு வந்து, மெக்சிகோவோடு திரும்பச் சேருங்கள் என்று பேசிப் பார்த்தவர்.