ஹீட்டர் ப்ளக் அடிக்கடி கருகுதா? வோல்ட், ஆம்பியர், ஓம், வாட்... நீங்களே போடலாம் இந்தக் கணக்கு!

வாட்டர் ஹீட்டரைப் போட்டு பத்து நிமிடம் கழித்து ப்ளக்கைத் தொட்டால் சுடுகிறது. சில வீடுகளில் பின் கருகி, சாக்கெட் மஞ்சளாகியிருக்கும். 'மட்டமான ப்ளக்' என்று சொல்லிவிட்டு புதுசு மாட்டுவோம். அதுவும் சில மாதத்தில் கருகிப்போகும். காரணம் என்ன? பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு சூத்திரங்களை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

எது எது என்ன?

மின்னழுத்தம்: கரண்ட்டைத் தள்ளும் அழுத்தம். அலகு வோல்ட். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட்.

மின்னோட்டம்: கம்பியில் ஓடும் கரண்ட்டின் அளவு. அலகு ஆம்பியர்.

மின்தடை: அந்த ஓட்டத்துக்கு வரும் எதிர்ப்பு. அலகு ஓம்.

மின்திறன்: ஒரு சாதனம் எவ்வளவு வேகமாக மின்சாரத்தைச் செலவழிக்கிறது என்பது. அலகு வாட்.

கணக்கு எப்படி?

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

முதலாவதுதான் ஓம் விதி. ஜெர்மனியைச் சேர்ந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விளக்கினார்.

முதலில் சின்ன உதாரணம். உங்கள் செல்போன் சார்ஜரில் '5 வோல்ட், 2 ஆம்பியர்' என்று போட்டிருந்தால், 5 × 2 = 10. அது 10 வாட் சார்ஜர்.

அடுத்து அயர்ன் பாக்ஸ். 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்திறன் 230 × 4.35, அதாவது சுமார் 1,000 வாட். மின்தடை 230 ÷ 4.35, அதாவது சுமார் 53 ஓம்.

ஆம்பியர் தெரியாவிட்டால் திருப்பிப் போடலாம். சாதனத்தின் லேபிளில் உள்ள வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். 2,000 வாட் ஹீட்டர் என்றால் 8.7 ஆம்பியர். அதன் மின்தடை சுமார் 26 ஓம். மின்தடை குறைந்தால் கரண்ட் அதிகம் பாயும் என்பதை இதில் பார்க்கலாம்.

ப்ளக் ஏன் கருகுது?

வீட்டில் இருக்கும் சின்ன ப்ளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. 6 × 230 = 1,380 வாட். அதற்கு மேல் அது தாங்குவதற்கு இல்லை. 8.7 ஆம்பியர் இழுக்கும் ஹீட்டரை, கன்வெர்ட்டர் பின் போட்டு அதில் செருகினால் சிக்கல் அங்கேயே ஆரம்பிக்கிறது.

அடுத்தது 'லூஸ் கான்டாக்ட்'. மேலே உள்ள இரண்டு சூத்திரங்களையும் சேர்த்தால் மூன்றாவது ஒன்று கிடைக்கும்: மின்திறன் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை. பிடிமானம் தளர்ந்த சாக்கெட்டில் வெறும் 0.5 ஓம் தடை இருந்தால்கூட, 8.7 × 8.7 × 0.5 = சுமார் 38 வாட் சூடு அந்த இடத்திலேயே உருவாகும். ஈயப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்டில் வேலை செய்யும். பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்?

கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். அதனால்தான் அதே சாக்கெட்டில் டி.வி. ஓடினால் ஒன்றும் ஆவதில்லை. ஹீட்டர் போட்டால் கருகுகிறது.

எம்.சி.பி. ட்ரிப் ஆகாதா?

ஆகாது என்பதுதான் இதில் ஆபத்தே. கான்டாக்ட் லூஸானால் மொத்தத் தடை கொஞ்சம் கூடும். கரண்ட் கூடாது, லேசாகக் குறையத்தான் செய்யும். எம்.சி.பி. பார்ப்பது கரண்ட்டின் அளவை மட்டும். ஒரு ஓரத்தில் ப்ளக் எரிவது அதற்குத் தெரியாது. கருகல் வாசனை, நிறம் மாறுவது, 'சர்ர்' என்ற சத்தம்... இவைதான் எச்சரிக்கை மணி.

லோ வோல்டேஜில் என்ன ஆகும்?

வோல்டேஜ் 180-க்கு இறங்கினாலும் அயர்ன் பாக்ஸின் 53 ஓம் பெரிதாக மாறாது. கரண்ட் 180 ÷ 53 = 3.4 ஆம்பியர். மின்திறன் 180 × 3.4 = சுமார் 612 வாட். வோல்டேஜ் குறைந்தது 22 சதவீதம்; சூடு குறைந்ததோ சுமார் 39 சதவீதம். சட்டை சுருக்கம் போகாததன் ரகசியம் இதுதான்.

ஒரு விஷயம்: சூடு தரும் சாதனங்களுக்குத்தான் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். ஃபேன், மிக்ஸி, ஃபிரிட்ஜ் போன்ற மோட்டார் உள்ளவற்றில் 'பவர் ஃபேக்டர்' குறுக்கே வருவதால், கணக்கில் வருவதைவிடக் கூடுதலாக ஆம்பியர் இழுக்கும்.

கரண்ட் பில்லுக்கும் இதே கணக்குதான்!

1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2,000 வாட் ஹீட்டருக்கு அரை மணி நேரமே போதும். தினமும் அரை மணி நேரம் என்றால், இரண்டு மாத பில்லில் 60 யூனிட் ஹீட்டருக்கு மட்டுமே போய்விடும்.

கவனிக்க வேண்டியவை

* ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, ஏ.சி. ஆகியவற்றுக்கு 16 ஆம்பியர் பவர் ப்ளக், அதற்கேற்ற தடிமனான வயர் அவசியம்.
* எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று பார்க்காதீர்கள். எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள்.
* ப்ளக் கருகினால் சாக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். ப்ளக்கை மட்டும் மாற்றினால், தளர்ந்த சாக்கெட் அதையும் கருக்கிவிடும்.
* கணக்கை நீங்கள் போடலாம். போர்டைத் திறக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.