பேரிலேயே கல்லு வச்சிருந்தவர்

மெல்போர்னுக்கு ஆன்சைட் வந்த புதுசுல, வீட்டுக் கொல்லையில நாலு பாறையை உருட்டிப் போட்டு நடுவுல பாங்க்சியா செடி நட்டேன். ஊர்ப் பழக்கத்துல சூப்பர் பாஸ்பேட்டையும் அள்ளிப் போட்டேன். இலை கருகிச் செத்தே போச்சு :-( ஏன்னு நோண்டினப்ப கிடைச்ச கதை இது.

1770-ல் கேப்டன் குக்கோட கப்பலில் வந்த ஜோசப் பாங்க்ஸ் இங்கே சேகரிச்ச செடிகள்ல இதுவும் ஒண்ணு. 1782-ல் அவர் பேரையே இதுக்கு வச்சாங்க. ஆனாலும் குடியேறின வெள்ளைக்காரங்க ரொம்ப காலம் ஆசையா வளர்த்தது இங்கிலாந்து ரோஜாவும் புல்வெளியும்தான். உள்ளூர்ச் செடி அவங்களுக்கு வெறும் காடு.

அதை மாத்தினவங்கள்ல ஒருத்தர் எல்லிஸ் ஸ்டோன்ஸ் (பேரிலேயே கல்லு!). தச்சர். 1915-ல் கலிப்போலிப் போர்முனையில் காலில் காயம்பட்டுத் திரும்பினவர். 1930களில், தோட்ட வடிவமைப்பாளர் எட்னா வாலிங்குக்காக ஒரு கற்சுவர் கட்டினார். அந்த நேர்த்தியைப் பார்த்து அசந்துபோய் வாலிங் அவரைத் தன் வேலைகளுக்குச் சேர்த்துக்கிட்டாங்க. ஸ்டோன்ஸ் பாறையை மேலே அடுக்க மாட்டார். மண்ணுக்குள்ள நல்லாப் புதைச்சு, காலங்காலமா அங்கேயே கிடந்த மாதிரி வைப்பார். சுற்றிலும் உள்ளூர்ச் செடிகள். 1971-ல் புத்தகமும் எழுதினார், 1975-ல் மறைந்தார்.

பாங்க்சியா, பாஸ்பரஸ் ரொம்பக் குறைஞ்ச மண்ணில் வாழப் பழகின இனம். நான் போட்டது அதுக்கு உரமில்ல, விஷம்! மண்ணைக் கேட்காம நட்டா இப்படித்தான்.

இப்போ பாறையைப் புதைச்சு, உரமில்லாம இன்னொண்ணு நட்டிருக்கேன். பிழைச்சா சொல்றேன் மக்கா :-)