பண்ணைக் கொட்டிலில் ஒரு கணனி

பழைய கணனியொன்றைக் கண்ணாடித் தடுப்புக்குள் நிறுத்திப் பெயர்ப்பலகை எழுதிவிட்டால் அதன் வரலாறு காப்பாற்றப்பட்டதாகுமா? போதாது என்பதே என் எண்ணம். இங்கிலாந்தின் கென்ற் பிரதேசத்துப் பண்ணையொன்றில் நடந்த காரியம் இந்த எண்ணத்தை என்னுள் உறுதிப்படுத்தியது.

ஐ.சி.ரி. 1301 என்பது 1960களின் தொடக்கத்தில் பிரித்தானியர் வர்த்தகத் தேவைகளுக்காக உருவாக்கிய பெருங்கணனி. அவற்றுள் ஒன்று 1962இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் செனற் மண்டபத்துக்கு வந்தது. லண்டன் பல்கலைக்கழகம் என்றதும் நம் மூத்தோர் பலருக்கு வெளிவாரிப் பட்டம் நினைவுக்கு வரும். அங்கே பரீட்சைப் பெறுபேறுகளையும் கணக்குகளையும் தயாரித்தது இந்தக் கணனி. நிறை ஏறத்தாழ 5 தொன். ‘ஃப்ளொஸ்ஸி’ என்பது அதன் செல்லப் பெயர்.

என்னைக் கவர்ந்தது அதன் பணக்கணக்கு. அந்நாளில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண். இந்தக் கணக்கை 1301இன் மின்சுற்றுகளே நேரடியாகச் செய்தன. 11 பென்சுடன் ஒன்றைக் கூட்டினால், 12 என்று நில்லாமல், ஒரு ஷில்லிங்காக அடுத்த இடத்துக்கு ஏறிவிடும். 1971 பெப்ரவரி 15ஆம் திகதி பிரித்தானிய நாணயம் தசமமுறைக்கு மாறியது. கடைத்தெருவில் மறைந்துபோன அந்த எண்முறை இயந்திரத்தின் கம்பிகளுக்குள் தங்கிவிட்டது.

1970களில், பழைய இரும்பாகப் போகவேண்டிய இதனை மாணவர் சிலர் சேர்ந்து வாங்கினர். பின்னர் அது பண்ணைக் கொட்டிலைச் சென்றடைந்து, நெடுங்காலம் உறங்கியது. 2000க்குப் பின் ஆர்வலர் குழுவொன்று அதனை எழுப்ப முனைந்தது. 1989இல் தொடங்கப்பட்ட கணனிப் பேணற் சங்கம் அவர்களுக்குத் துணைநின்றது.

இத்தகைய இயந்திரத்தின் ஆளியை எடுத்த எடுப்பிலே போட்டால் புகைதான் எழும். மின்னைத் தேக்கும் கொள்ளளவிகளின் உட்படலம் ஆண்டுக்கணக்கில் மின்னின்றிக் கிடந்து நலிந்திருக்கும். நெடுநாள் பட்டினி கிடந்தவனுக்கு முதலிற் கஞ்சித் தண்ணீர் கொடுப்பதுபோல, மின்னழுத்தத்தைச் சிறுகச் சிறுக ஏற்றி அந்தப் படலத்தை மீள வளர்க்கவேண்டும். மின்வழங்கியைத் தனியே சோதித்துத் தேறிய பின்னரே சுற்றுகளுக்கு மின் செல்லலாம். அதன்பிறகு ஆயிரக்கணக்கான சிறு சுற்றுப்பலகைகளின் தொடுமுனைகளில் படிந்த களிம்பைப் போக்கவேண்டும். பழுதான திரான்சிஸ்டர்களைத் தேடிப்பிடிக்கவேண்டும்.

இதைத் திருத்தவேலை என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். ஏட்டுச்சுவடியைப் பட்டுத்துணியிற் சுற்றிவைப்பது ஒன்று. எழுத்தறிந்து வாசிப்பது இன்னொன்று. கணனி ஓடி, பென்ஸ் ஷில்லிங்காக மாறும்போதுதான், அதை வகுத்தவர்களின் சிந்தனை நமக்குப் புலனாகிறது.

2013இல் பண்ணையைவிட்டு வெளியேறவேண்டி வந்தபோது, ஃப்ளொஸ்ஸி பாகம் பாகமாகக் கழற்றப்பட்டு, பிளெட்ச்லி பார்க்கிலுள்ள தேசியக் கணனி அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. உலோகத்துக்குப் பாதுகாப்புக் கிடைத்துவிட்டது. ஆனால், அதனை எழுப்பத் தெரிந்த கைகளுக்கு வயதேறிக்கொண்டே போகிறது. அந்தக் கைகளுக்குப் பக்கத்தில் இளையவர் ஓரிருவரையாவது இருத்தி, பார்த்துப் பழகவைக்கவேண்டும். அருங்காட்சியகங்கள் செய்யவேண்டிய அடுத்த காரியம் இதுதான்.